மூன்று முறை ‘ஹோடி’

கென்யக் கடற்கரையில் லாமு ஊரைச் சுற்றிக் காட்ட உரிமம் கேட்டு ருக்கியா விண்ணப்பித்தபோது, படகுத்துறை வழிகாட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பொம்பளை அடுப்படியைத்தான் சுற்றிக் காட்டுவாள் என்றார்கள். அவள் அசரவில்லை. பதினான்கு வருஷமாகக் கல்யாணப் பெண்களுக்கு மருதாணி வைப்பவள். அந்த வழிகாட்டிகள் வாசல் கதவின் செதுக்கலோடு நின்றுவிடும் வீடுகளில் எல்லாம் உள்ளறை வரைக்கும் போய் வந்தவள். தலைக்கனம் கொஞ்சம் உண்டு. விஷயம் தெரிந்தவளுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

தேர்வு அதிகாரி கரிசாவுக்கும் இரண்டு வெளியூர்க்காரர்களுக்கும் ஐந்து இடங்களைக் காட்ட வேண்டும், அதுதான் தேர்வு. ஒன்று விட்டுப்போனாலும் உரிமம் அடுத்த வருஷம்தான். கோட்டை, கரையோரப் பள்ளிவாசல், பழைய கல்லறை, பொதுக் கிணறு என்று நான்கையும் ருக்கியா ஊதித் தள்ளிவிட்டாள். சந்தில் கழுதை மறித்தபோதுகூடப் பேச்சை நிறுத்தவில்லை.

ஐந்தாவது, ஸைனபு அக்காவின் வீடு. முந்நூறு வருஷத்துச் சுவர், சுவர் முழுக்க மாடங்கள். கதவு ஒருக்களித்திருந்தது. ருக்கியா வாசலில் நின்று “ஹோடி, வரலாமா” என்று குரல் கொடுத்தாள். பதில் இல்லை. இன்னொரு முறை, பிறகு மூன்றாம் முறை. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டதே தவிர, “கரீபு, வாங்க” என்று யாரும் அழைக்கவில்லை. மூன்று முறை கேட்டும் அழைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும். அந்த ஊரில் அது குழந்தைக்கும் தெரியும்.

“கதவுதான் திறந்து கெடக்கே, வாங்க போலாம்,” என்றார் கரிசா. “நேத்து தேர்வுக்கு வந்த மூணு பேரும் நேரா உள்ளதான் கூட்டிட்டுப் போனாங்க.”

“அதான் சார் இன்னிக்கி அக்கா பதில் சொல்லல.”

அவர் முகம் சுருங்கியது. மதிப்பெண் தாளில் ஐந்தாவது கட்டம் காலியாக இருந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். ருக்கியா கணக்குப் போட்டாள். ஒரு வருஷம் போய்விடும், படகுத்துறைக்காரர்களின் வாய்க்கு அவலும் கிடைத்துவிடும். ஆனாலும் படியேற மனம் வரவில்லை. வாசலிலேயே நின்று வீட்டைச் சொல்லத் தொடங்கினாள். மணப்பெண்ணை எந்த அறையில் உட்கார வைப்பார்கள், விளக்கு எந்த மாடத்தில் இருக்கும், சுவரின் சுண்ணாம்புப் பூவேலை எங்கே உதிர்ந்திருக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். மேல் வரிசையில் பதினோரு மாடங்கள் என்றாள்.

“பன்னெண்டு,” என்றது உள்ளிருந்து ஸைனபுவின் குரல். “ஒண்ண அலமாரி மறைச்சிருக்கு. வந்து எண்ணிப் பாரு ருக்கியா. அந்த வெளியூர்க்காரங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா.”

கரிசாவும் காலை எடுத்து வைத்தார். கதவிடுக்கில் ஸைனபுவின் கை குறுக்கே வந்தது.

“நீங்க நேத்தே மூணு தடவ பாத்தாச்சு.”

பார்க்காமல் எப்படி மதிப்பெண் போடுவது என்று அவர் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

“வீடு என்னுது. தாள இப்படிக் குடுங்க, மார்க்க நானே போடுறேன்.”

கரிசா சந்தின் இரு பக்கமும் பார்த்துவிட்டுத் தாளைக் கொடுத்தார். ஸைனபுவின் கை நீட்டியபடியே இருந்தது. பேனாவையும் கொடுத்தார்.