சொகுசான பின்சீட்டு

சாலையில் வாழ்ந்தவன் சாலையிலேயே விழுந்தான், இனி அவன் சக்கரங்கள் வானத்தில் உருளும் என்று மெர்ல் தேவாலயக் கூடத்தில் சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று முழங்கியபோது, தோல் ஜாக்கெட் போட்டவர்கள் எல்லாரும் தலை குனிந்தார்கள். லவோன் மட்டும் குனியவில்லை. அவளுடைய கணவன் ஆரின் விழுந்தது சாலையில் இல்லை, கிழவர் ஹாகன் வீட்டுக் கார் ஷெட்டில். வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்திருக்கவில்லை.

மெர்ல் ஆரினின் தம்பி. டகோட்டா சமவெளிக் கழுகுகள் மோட்டார் சைக்கிள் சங்கத்தின் தலைவன். சங்கத்தில் அவனுக்குப் பெயர் 'இடி'. வார நாட்களில் பள்ளிக்கூடங்களுக்கு பெஞ்சு விற்கிறான். சவப்பெட்டியின் மூடியை இடுப்புவரை திறப்பதுதான் ஊர் வழக்கம். கழுகின் பூட்ஸ் ஊருக்குத் தெரிய வேண்டும் என்று இடி சொல்லிவிட்டதால் முழுசாகத் திறந்து வைத்திருந்தார்கள். ஆரின் கறுப்பு பூட்ஸோடு, இருந்த காலத்தைவிட நெடியவனாகப் படுத்திருந்தான்.

எல்லாம் லவோனின் இடுப்பில் ஆரம்பித்தது. இடுப்பு மூட்டை மாற்றிய பிறகு, பழைய வண்டியின் பின்னால் இனி தன்னால் உட்கார முடியாது என்று அவள் சொல்லிவிட்டாள். நீ வராமல் நான் மட்டும் எங்கே போவது என்றான் ஆரின். குளிர்காலம் பூராவும் கைமாறி வந்த தொலைதூர வண்டிகளைத் தேடி அலைந்தார்கள். போன இடத்திலெல்லாம் அவளைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டு, முதுகு சாய்கிறதா, முட்டி மடங்குகிறதா என்று சுற்றிச் சுற்றி வருவான். ஒரு வண்டியில் மெத்தை கல்லாக இருந்தது. இன்னொன்றில் முட்டி மோவாய்க்கு வந்தது.

ஹாகன் விற்கவிருந்தது சக்கரம் வைத்த சோபா. நடு ஸ்டாண்டில் நின்ற அதில் ஏறி உட்கார்ந்து, அவர் கொடுத்த காபியை ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் லவோன் குடித்தாள். இதில் தூங்கியே போய்விடுவேன் என்றாள். ஆரினுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பின்சீட்டை அவ்வளவு நேரம் பார்த்தவர்கள் முன்சீட்டைப் பார்க்கவே இல்லை. ஹாகன் மட்டும் ஒரு தடவை, கால் எட்டுகிறதா என்று கேட்டார்.

"என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?" என்றான் ஆரின், கொஞ்சம் சூடாக. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

ஓட்டுகிறவர் தலையசைத்த பிறகுதான் பின்னால் ஏற வேண்டும். இரண்டு காலும் தரையில் ஊன்றியாயிற்று என்று அதற்கு அர்த்தம். லவோனை இறக்கிவிட்டு ஆரின் முன்சீட்டில் ஏறி, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினான். தலையசைத்தான். லவோன் அவன் தோளைப் பிடித்து ஏறினாள். நானூறு கிலோ இரும்பு அப்படியே வலது பக்கம் சாய்ந்தது. பட்டறை மேஜையில் முடுக்கியிருந்த இரும்பு இடுக்கியில் அவன் தலை, காதுக்கு மேலே, மோதியது. உறைந்த ஏரியில் கோடாலி விழுகிற சத்தம். ரத்தம் அவளுடைய காபிக் கோப்பைவரை ஓடியது. லவோன் பழைய டயர்க் குவியலில் போய் விழுந்தாள். ஒரு கீறல் இல்லை.

ஸ்டாண்டு உடைந்திருந்தது, விற்கிற ஆசையில் கிழவன் மறைத்துவிட்டான் என்று மெர்ல் ஊரெல்லாம் சொன்னான். லவோன் மறுக்கவில்லை. மறுத்தால் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கும்.

மெர்லின் முழக்கம் முடிகிற நேரத்தில் ஹாகன் உள்ளே வந்தார். கையில் அவர் மனைவி வேகவைத்துக் கொடுத்த உருளைக்கிழங்குத் தட்டு.

"கொன்ன கையாலயே சாப்பாடும் கொண்டாந்தியா?" என்று மெர்ல் கேட்டான்.

தட்டு சுவரில் உடைந்தது. குறுக்கே வந்த பாதிரியார் நாற்காலிகளின் மேல் விழுந்தார். ஹாகனைக் காலரைப் பிடித்துப் படிகளில் இழுத்துக்கொண்டு போய், வண்டிகள் நின்ற சரளைத் தரையில் தள்ளினார்கள். முதல் குத்தில் கிழவரின் பல்செட் தெறித்து விழுந்தது. கழுகுகளில் ஒருவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர், பழக்கதோஷத்தில் குனிந்து அதை எடுத்துக்கொண்டார். அடுத்த குத்தில் மூக்கு ஒரு பக்கமாகப் போயிற்று. விழுந்தவரின் விலாவில் பூட்ஸ் இறங்கியது, மறுபடி இறங்கியது. மெர்ல் தன் ஹெல்மெட்டை எடுத்து ஓங்கி அடித்தான். கிழவரின் தோளில் எலும்பு முறிகிற சத்தம் படிவரை கேட்டது.

ஹாகன் கையைக்கூடத் தூக்கவில்லை. ரத்தம் வழிகிற கண்ணால் லவோனை மட்டும் பார்த்தார். ஆரினின் பூட்ஸ் நுனி சிமெண்டுத் தரையைத் தேடித் துழாவியதை அவர் பார்த்திருந்தார். போலீசிடமும் சொல்லவில்லை. இப்போதும் சொல்கிற உத்தேசம் இல்லை என்பது அந்தக் கண்ணில் தெரிந்தது.

"விட்டுடு மெர்ல்," என்றாள் லவோன்.

"நீங்க உள்ள போங்க அண்ணி. இது என் அண்ணனுக்கு நான் செய்ய வேண்டியது."

உள்ளே போனாள். கல்யாண நாளிலிருந்து தட்டைச் செருப்பைத் தவிர வேறு எதையும் அவள் காலில் போட்டதில்லை. ஏன் என்று ஆரின் கேட்டதுமில்லை. சவப்பெட்டியின் அருகில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவனுடைய வலது பூட்ஸைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. சவப்பெட்டி விளிம்பில் முட்டியை ஊன்றி, புது இடுப்பு விண்விண்ணென்று தெறிக்க, மறுபடி இழுத்தாள். வந்துவிட்டது.

வெளியே ஹெல்மெட் மறுபடி உயர்ந்திருந்தது. லவோன் கூட்டத்துக்குள் நுழைந்து, ஹாகனுக்கும் மெர்லுக்கும் நடுவில் நின்று, பூட்ஸைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள். குதிகாலுக்கு அடியில் வைக்கிற தடித்த கார்க் கட்டைகள், ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியவை, சரளையில் விழுந்தன.

"ஸ்டாண்டு நல்லாத்தான் இருந்தது," என்றாள். "அவருக்குக் கால் எட்டலை. இதை வெச்சும் எட்டலை. எட்டாமலே தலையை ஆட்டினாரு."

பல் டாக்டர் கையிலிருந்ததை ஹாகனிடம் நீட்டினார்.

மெர்லின் கை மெல்ல இறங்கியது. கீழே கிடந்த கட்டைகளை அவன் பார்க்கவில்லை, தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு ஜோடியாக வாங்கினால் தபால் செலவு இல்லை என்பதால், அண்ணனும் தம்பியும் அந்தக் கார்க் கட்டைகளை எப்போதும் சேர்ந்தே வரவழைப்பார்கள்.