பதினான்காம் நிமிடத்தில் ஒரு வரி

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. எரிந்த வயிறு என்னுடையது.

எட்டு மாதம் ஒரு தூக்கச் செயலிக்கு எழுதிக்கொடுத்தேன். காதில் மாட்டிக்கொண்டு படுத்தால் முதலில் அலைச் சத்தம் வரும். பிறகு ஒரு குரல் வந்து ஏரி, படகு, மேகம் என்று மெல்லச் சொல்லிக்கொண்டே போகும். கேட்பவர் தூங்கிவிடுவார். அந்த ஏரியையும் படகையும் எழுதியவன் நான். ஒருநாள் மேலாளர் கூப்பிட்டுக் கைகுலுக்கினார்.

"சார், உங்க கடைசிப் பத்தியை இதுவரைக்கும் ஒருத்தர்கூட கேட்டதில்ல. பிரமாதம்!"

நன்றிக் கடிதங்கள் மட்டும் வாசித்த பெண்ணின் பேருக்கு மூட்டை மூட்டையாக வந்தன. வேலையை விட்டேன். எரிச்சல் என்னை விடவில்லை. அதைத் தூக்கி ஒரு பெண்ணின் தலையில் வைத்துவிட்டேன். அவளை அக்கா என்றே சொல்வோம். அவள் எழுதுகிறாள், அவளுடைய சொந்தத் தங்கை வாசிக்கிறாள்.

2

தொடக்கங்கள்:

மதிய வெயிலில் ஊரே உறங்கிக்கொண்டிருந்தபோது அவள் மட்டும்—

(நிறுத்தினேன். ஊரே உறங்குகிறது என்று எழுதுகிறவன் ஒருநாளும் மதியம் தெருவில் இறங்கி நடந்ததில்லை.)

தங்கையின் குரல் தேன் போல—

(சீ.)

அக்காவின் கணவர் தினமும் பகல் பன்னிரண்டரை மணிக்கு, கொழுந்தியாளின் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு, மூன்றே நிமிடத்தில் தூங்கிப்போவார்.

இதை வைத்துக்கொண்டேன். இதில் கதை இருக்கிறது, சண்டையும் இருக்கிறது.

3

கணவரை முதலில் வங்கிக்காரராக எழுதினேன். சரிப்படவில்லை. வங்கிக்காரர் கொட்டாவி விட்டால் வரிசை நீளும், அவ்வளவுதான். ஆகவே அவரைப் பேருந்து ஓட்டுநர் ஆக்கினேன். காலை நாலரை முதல் பதினொன்று வரை ஒரு ஷிப்ட், மாலை ஐந்து முதல் ஒன்பது வரை இன்னொன்று. நடுவில் கிடைக்கிற அந்த இரண்டு மணி நேரத் தூக்கத்தில்தான் மாலைப் பயணிகள் அறுபது பேரின் உயிர் இருக்கிறது. அது அவருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

தெரிந்து என்ன செய்ய? தினமும் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிவிட்டு வந்து பார்ப்பாள். திரைச்சீலை இழுத்துவிட்ட அறை. வாயைப் பிளந்துகொண்டு அவர். அவர் நெஞ்சின் மேல் போன். போன் திரையில், கண்ணை மூடிச் சிரிக்கும் தங்கையின் படம். கீழே, 'தொடர்ந்து நாற்பத்தொரு நாட்கள்! வாழ்த்துகள்!'

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

(இந்த இடத்தில் எனக்கே அவள்மேல் சந்தேகம் வந்தது. படித்தவள், நாலும் தெரிந்தவள், கூடப் பிறந்தவளைப் பார்த்தா இப்படிப் பொறாமைப்படுவாள்? தங்கை உள்ள ஒருவரிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தொடர்ந்து எழுதச் சொன்னார்.)

4

"உன் தங்கச்சி குரல் இருக்கே, அது குரலே இல்ல, மருந்து" என்றார் அவர் ஒருநாள், தூங்கி எழுந்து முகம் கழுவும்போது.

"எழுதினது நான்."

"நீ எழுதினா நல்லாத்தான் இருக்கும். யார் இல்லேன்னா?"

"எது நல்லா இருந்துச்சு, சொல்லுங்க பார்ப்போம்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"'கண்களை மூடிக்கொள்ளுங்கள்'னு வருமே, அது. அதுக்கப்புறம் நான் எங்க இருந்தேன்?"

அடுத்த நாள் அக்கா போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள். தானே வாசிக்கிறேன் என்று தாள்களோடு கட்டிலில் உட்கார்ந்தாள். தங்கையைவிட நன்றாகவே வாசித்தாள். இதை நான் பக்கச் சார்பில்லாமல் சொல்கிறேன்.* அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஐந்தாம் நிமிடத்தில் ஒரு கண்ணைத் திறந்தார்.

"இந்தப் படகு துடுப்பா, மோட்டாரா?"

"துடுப்பு. தூங்குங்க."

"தனியாவா போறான்? காத்து அடிச்சா எப்படித் திரும்புவான்?"

அவர் தூங்க வேண்டிய இரண்டு மணி நேரமும் இப்படியே போனது. அன்று மாலை ஒரு சிக்னலில் பச்சை விழுந்தது, சிவப்பானது, மறுபடி பச்சை விழுந்தது. பேருந்து நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரனை அலறவிட்டார்கள். நடத்துநர் ஓடிவந்து தோளை உலுக்கியபோது, ஸ்டியரிங்கில் கைவைத்தபடியே அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஓடும்போது இல்லாமல் நிற்கும்போது நடந்தது யார் செய்த புண்ணியமோ. டிப்போவில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். இன்னொரு முறை நடந்தால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது.

மறுநாள் போனை அவளே எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் மூன்று நிமிடத்தில் தூங்கினார். அவள் அடுப்படியில் நின்று அழுதாள். பயத்தில் பாதி, பொறாமையில் பாதி.

(* சார்பு உண்டு.)

5

"அவ குரல்ல அவர் ஏன் தூங்கலேன்னா, அன்புதான் காரணம்னு முடிச்சிடுங்களேன்" என்றார் நண்பர் ஒருவர். எழுதியும் பார்த்தேன்:

'உன் குரலைக் கேட்டுக்கிட்டு நான் எப்படிம்மா தூங்குவேன்—'

அடித்துவிட்டேன். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்த மனிதர் இப்படியெல்லாம் பேசமாட்டார். பேசினாலும் அவள் நம்பமாட்டாள்.

6

அவள் என்ன செய்தாள் என்பதற்கு வருகிறேன். இந்தத் தொழிலை அறிந்தவர்களால் மட்டுமே செய்ய முடிகிற காரியம் அது.

ஒலிப்பதிவு ஒவ்வொன்றும் இருபத்தைந்து நிமிடம். பதினோராம் நிமிடத்துக்கு மேல் கேட்க ஆளில்லை என்பதால், அதற்கப்புறம் எழுதியதை அலுவலகத்தில் யாரும் படித்துக்கூடப் பார்ப்பதில்லை. இன்னொரு வழக்கம், புதிய பதிவு வெளிவருவதற்கு முன் அங்கே வேலை செய்கிறவர்களின் வீட்டு ஆட்கள் நாலைந்து பேருக்குச் சோதனைக்குப் போகும். ஓட்டுநரும் அந்தப் பட்டியலில் இருந்தார். அவருக்கு அனுப்புவது அக்காவின் பொறுப்பு.

புதிய பதிவுக்கு மலைச்சாரல் எழுதினாள். பதினான்காம் நிமிடத்தில், சாரலுக்கு நடுவே, ஒரு வரி சேர்த்தாள்.

'என்னங்க! எழுந்திருங்க! (இங்கே உரக்கக் கத்தவும்.)'

மாலையே தங்கை ஒலிப்பதிவு அறையிலிருந்து போன் செய்தாள்.

"அக்கா, பதினாலாவது நிமிஷத்துல என்னமோ இருக்கே. நிஜமாவே கத்தணுமா?"

"எழுதியிருக்கேன்ல?"

"தூங்கறவங்க தூக்கிவாரிப்போட்டு எழுந்திருப்பாங்களே."

"எழுந்திருக்கட்டும்."

அந்த அறையில் மூச்சு விட்டாலும் கேட்கும். தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா தூங்கறது பிடிக்கலையா, இல்ல என் குரல்ல தூங்கறது பிடிக்கலையா?"

அக்கா பொய் சொல்லலாமா என்று யோசித்தாள்.

"ரெண்டாவது."

"அதைச் சொல்ல வேண்டியதுதானே! நான் விலகிக்கிறேன். வேற பொண்ணை வெச்சு வாசிச்சுக்கட்டும்."

"வேற பொண்ணா? எவ?"

"யாரோ ஒருத்தி."

"யாரோ ஒருத்தி குரல்ல அவர் எதுக்குடீ தூங்கணும்?"

தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. யாரோ ஒருத்தியை நினைத்ததும் வயிறு இன்னும் அதிகமாக எரிந்தது.

7

மறுநாள் காலை தங்கை இரண்டு கோப்புகள் அனுப்பியிருந்தாள். ஒன்றின் பெயர் 'கத்தினது', இன்னொன்று 'கத்தாதது'. கூடவே ஒரு செய்தி: 'ரெண்டும் பேசி வெச்சிட்டேன். எது வேணும்னு நீயே பாத்துக்கோ. என் தலையில போடாதே.'

அக்கா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முதல் கோப்பைக் கேட்டாள். பதினான்காம் நிமிடத்தில் அந்தக் கத்தல் வந்தது. தங்கை கத்தியது அச்சு அசலாக அக்காவைப் போலவே இருந்தது. வீட்டில் பக்கத்து அறையிலிருந்து அக்கா கூப்பிடுவாளே, அதே இழுப்பு, அதே எரிச்சல். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

8

முடிவு எழுதினேன். இரண்டு எழுதினேன்.

முதலாவதில் அவள் 'கத்தாதது' அனுப்புகிறாள். நல்ல பெண். எழுதி முடித்ததும் எனக்கு அவள்மேல் இருந்த பிரியமே போய்விட்டது. இரண்டாவதில்—

இரண்டாவதை எழுத முடியவில்லை. அவள் ஏன் 'கத்தினது' அனுப்புவாள் என்று மட்டும் சொல்கிறேன். பதினான்காம் நிமிடத்தில் அவர் அலறிப்புடைத்து எழுவார். எழுந்ததும் கண்ணில் படுவது அவள் முகம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். இத்தனை நாளாக அவளுக்கு வேண்டியிருப்பது அது ஒன்றுதான்.

இப்போது மணி பன்னிரண்டரை. இரண்டு கோப்புகளும் அவள் முன்னால் திறந்திருக்கின்றன. நான் எழுந்துகொள்கிறேன். எனக்கும் அவளுக்கும் ஒரே வயிறு, நான் தீர்ப்பு சொல்லக்கூடாது. நீங்கள் சொல்லுங்கள். நியாயம் பேசுகிறவராக இருந்தால் வேண்டாம். யாரையாவது நினைத்து ஒருநாளாவது வயிறு எரிந்தவர் மட்டும் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு தகவல். ஐந்து மணி வண்டியில் ஓட்டுநருக்கு நேர் பின்னால் உள்ள இருக்கையில் உங்களை உட்கார வைத்திருக்கிறேன்.

உள்ளறையிலிருந்து அவர் கூப்பிடுகிறார்.

"ஏம்மா, புதுசு ஒண்ணு வந்திருக்குன்னியே. போட்டு விடேன்."