பாவா ராவிய நான்கு பற்கள்

சௌமியாவின் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு நெல் நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது. இருபத்தேழு வருடத்தில் ஒரு நாள்கூட அது அவளுக்குக் குறையாகப் பட்டதில்லை. பள்ளிப்பட்டுப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்தாள். தெலுங்கில் கேட்பவர்களுக்குத் தெலுங்கிலும் தமிழில் கேட்பவர்களுக்குத் தமிழிலும் மாத்திரை சாப்பிடும் முறையைச் சொல்லிச் சிரித்து அனுப்புவாள்.

அதைக் குறையாக்கியது ஆர்.கே.பேட்டையிலிருந்து பெண் பார்க்க வந்த ராஜீவின் அம்மாதான்.

"பொண்ணு லட்சணமாத்தான் கீது. அந்தப் பல்லு சந்த மட்டும் அடைச்சிட்டா நல்லாருக்கும். உங்க வீட்லயே டாக்டரு கீறாரே."

அவர்கள் போனதும் சௌமியா அக்கா நிர்மலாவிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "பல்லுல யாரையும் கைவைக்க விடமாட்டேன். இஷ்டம்னா இப்படியே கட்டிக்கட்டும். இல்லாட்டி வேணாம்."

அம்மா இறந்தபோது சௌமியாவுக்குப் பதின்மூன்று வயது, நிர்மலாவுக்கு இருபது. நைனா என்று அவர்கள் கூப்பிடும் அப்பா இருந்தாலும், அன்று முதல் தலை பின்னிவிட்டதும், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதும், காய்ச்சலில் பக்கத்தில் படுத்ததும் அக்காதான். பல் டாக்டர் ஹேமநாதனைக் கட்டிக்கொண்டு திருத்தணிக்குப் போன பிறகும் வாரம் தவறாமல் வந்து போனாள். பாவா என்று சௌமியா கூப்பிடும் அவருடைய கிளினிக்கில் டோக்கன் கொடுத்து உட்காரவைப்பதும் அவள்தான்.

ஒரு வாரம் கழித்து நிர்மலாவே போன் செய்தாள். "பையன் வீட்ல ஒத்துக்கினாங்கடி. பல்லப் பத்தி இனிமே பேச்சே இல்ல." நிச்சயம் நடந்தது. ஆவணியில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

ஆனி மாதக் கடைசியில் சௌமியாவுக்குக் குளிர்ந்த தண்ணீர் குடித்தால் முன்பல் லேசாகக் கூசியது. பேச்சோடு பேச்சாக அதை அக்காவிடம் சொன்னாள். மறுநாளே வரச்சொன்னாள் அக்கா.

ஹேமநாதன் எக்ஸ்ரே எடுத்தார். திரையைத் தன் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் பேசினார். "உள்ளுக்குள்ளயே சொத்த ஓடியிருக்கு சௌமியா. முன்னாடி நாலு பல்லும். வெளிய தெரியாது. இப்பவே பல்லு மேல உறை மாதிரி கேப் போட்டுட்டா காப்பாத்திடலாம். விட்டா புடுங்கணும்."

"சந்து இன்னா ஆவும் பாவா?"

"கேப் போட்டா அது மூடிக்கும்மா. வேற வழி இல்ல."

எக்ஸ்ரேயை அவள் வாட்ஸப்புக்கும் அனுப்பினார். கறுப்பு வெள்ளை நிழலில் ஏதோ கறை போலத் தெரிந்தது. பாவா சொல்கிறார், அக்கா தலையாட்டுகிறாள். சௌமியா நாற்காலியில் சாய்ந்தாள்.

பல்லின் நிறத்துக்குப் பொருந்தும் துண்டை உதட்டருகே வைத்துப் பார்த்தார்கள். ஈறில் ஊசி போட்டதும் மூக்குவரை மரத்துப்போனது. பிறகு பல் ராவும் மெஷின் கீச்சென்று எழுந்தது. வலி இல்லை. ஆனால் எலும்புக்குள் அதிர்ந்தது. தண்ணீர் முகத்தில் தெறித்தது; கருகிய நகம் போல ஒரு வாசனை வந்தது. ஒவ்வொரு பல்லையும் முன்னால், பின்னால், பக்கவாட்டில், நுனியில் என்று சுற்றிச் சுற்றி ராவினார். ஈறின் ஓரத்தில் மெல்லிய நூலைச் செருகி, பிசைந்த மாவு போன்ற ஒன்றை வாயில் அழுத்தி அச்சு எடுத்தார். அத்தனை நேரமும் நிர்மலா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஆச்சு கண்ணு, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மரப்பு இறங்கியதும் நாக்கால் தடவிப் பார்த்தாள் சௌமியா. பல் இருந்த இடத்தில் நான்கு சின்ன முளைகள். அவற்றின் மேல் தற்காலிகமாகப் பிளாஸ்டிக் உறைகளை ஒட்டினார் பாவா. நிரந்தர கேப் பத்து நாளில் வரும் என்றார்.

ஆறாம் நாள் சப்பாத்தியைக் கடித்தபோது ஓர் உறை கழன்று கையோடு வந்துவிட்டது. காற்றுப் பட்டாலே உயிர் போனது. அன்று ஆடிக் கிருத்திகை. கோயில் கூட்டத்தில் திருத்தணிக்குள் பஸ் போகாது, கிளினிக்கும் பூட்டியிருந்தது. "ரெண்டு நாள் பொறுத்துக்க, வேற எங்கயும் போவாத" என்றார் பாவா. அவளால் பொறுக்க முடியவில்லை. சோளிங்கர் வழியாக அரக்கோணம் போய், உடன் வேலைபார்க்கும் நர்ஸ் சொன்ன அலீஷா என்ற பல் டாக்டரைப் பார்த்தாள்.

அலீஷா சின்ன வயதுக்காரி. மற்ற மூன்று உறைகளையும் கழற்றிப் பார்த்து, "எதுக்காக ராவினாங்க?" என்று கேட்டாள்.

"உள்சொத்தைன்னாங்க. எக்ஸ்ரே கூட இருக்கு."

போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்த அலீஷா தன் மெஷினில் புதிதாக ஒரு எக்ஸ்ரே எடுத்தாள். குளிரூட்டிய பஞ்சை ஒவ்வொரு முளையிலும் தொட்டாள். நான்கு முறையும் சௌமியா துள்ளினாள்.

"நாலும் உயிரோட இருக்கு. சொத்தை இல்ல. ஒண்ணு கேக்கறேன், முன்னாடி உங்க பல்லுல சந்து இருந்துச்சா?"

"ஆங். எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"வேருங்க ரெண்டும் தள்ளித் தள்ளி நிக்குது. உங்க போன்ல இருக்கற எக்ஸ்ரேல முன்பல்லு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு இருக்கு பாருங்க. இது உங்க வாயே இல்ல."

மருந்துச் சீட்டில் ஒரு புள்ளி மாறினாலும் கண்டுபிடிக்கிறவள் சௌமியா. இந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பாள்! பாவா அனுப்பியது என்பதால் பார்த்தும் பார்க்கவில்லை.

"ராவினது திரும்ப வளருமா டாக்டர்?" பதில் தெரிந்தும் கேட்டாள்.

"வளராது. கேப் போட்டே ஆவணும். ஆனா சந்து விட்டே செய்யலாம். அதுக்கு ஒரு தடையும் இல்ல."

கூட்டம் வடிந்த மூன்றாம் நாள் திருத்தணிக்குப் போனாள். மதிய நேரம், கிளினிக்கில் நோயாளிகள் இல்லை. இரண்டு எக்ஸ்ரேக்களையும் மேஜைமேல் வைத்தாள். ஹேமநாதன் பார்த்த உடனேயே நிர்மலாவைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் சௌமியாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வரும்வரை பாவாவைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"உனக்குத் தெரியுமா அக்கா?"

நிர்மலா சுவரைப் பார்த்துச் சொன்னாள். "நான்தான் சொத்தைன்னு சொல்லச் சொன்னேன். அவங்க ஒத்துக்கல சௌமி. கல்யாணத்துக்குள்ள பல்ல சரி பண்ணியாவணும்னாங்க. ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப்போச்சு. நைனா எத்தினி நாளு இருப்பாரு? உன் நல்லதுக்குத்தான்…"

"நான் வேணாம்னு சொன்னேனே."

"சின்னப் பொண்ணு மாதிரி பேசாத. அழகாத்தானே ஆவப்போற."

"கையப் புடிச்சிக்கினு உக்காந்திருந்தியே அக்கா. அவரு ராவ ராவ, ஆச்சு கண்ணுன்னியே." அவள் கண்ணீரைத் துடைக்க நிர்மலா எழுந்து வந்தாள். சௌமியா பின்னால் நகர்ந்துகொண்டாள்.

பிறகு பாவாவிடம் திரும்பினாள். "நடந்தத அப்படியே எழுதிக் குடுங்க."

"எழுதிக் குடுத்தா என் தொழிலே போயிடும்மா."

"அப்ப தப்புன்னு தெரிஞ்சேதான் செஞ்சீங்க."

பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே ராஜீவுக்குப் போன் செய்தாள். அவனுக்கு முழுக்கதை தெரிந்திருக்கவில்லை. பல்லை மாற்ற அவளே சம்மதித்ததாகத்தான் அவன் அம்மா சொல்லியிருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, ஆனது ஆயிப்போச்சு. இப்ப பாக்க நல்லாத்தானே இருக்கும்?" என்றான். இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். சௌமியா போனை வைத்துவிட்டாள். கல்யாணம் வேண்டாம் என்று அன்று மாலையே நைனாவிடம் சொன்னாள். நைனா ஏன் என்று கேட்டார். அக்காவைப் பற்றிச் சொன்னபோது மட்டும், "நிர்மலாவா? நம்ம நிர்மலாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அலீஷா சந்து விட்டே கேப் செய்து பொருத்தினாள். பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. சௌமியாவுக்குத் தெரிந்தது. சிரிக்கும்போது உதடு ஏதோ வேற்றுப் பொருளில் உரசியது. புரட்டாசியில் ஒரு பல் ராத்தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு வலித்து, வேர் சிகிச்சை செய்யவேண்டி வந்தது. அதிகமாக ராவியதால் என்றாள் அலீஷா.

அந்த வாரம்தான் சௌமியா பல் மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதினாள். நிர்மலா போனில் கத்தினாள். "என் குடும்பத்தத் தெருவுல நிறுத்தறியாடி?" பிறகு அழுதாள், பிறகு நைனாவை விட்டுப் பேசவைத்தாள். சௌமியா புகாரைத் திரும்பப் பெறவில்லை.

மார்கழியில், ஹேமநாதன் கவுன்சிலுக்குக் கொடுத்திருந்த விளக்கத்தின் நகல் தபாலில் வந்தது. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்று படித்தாள். பல் சந்தை மூட நோயாளியே விரும்பிக் கேட்டார், முழுச் சம்மதத்துடன் சிகிச்சை செய்யப்பட்டது என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே 'சாட்சி' என்ற இடத்தில் நிர்மலாவின் கையெழுத்து. வட்டமான 'நி', நீட்டி இழுத்த 'லா'. பள்ளிக்கூட மார்க் ஷீட்டுகளில் பெற்றோர் இடத்தில் வருடா வருடம் விழுந்த அதே கையெழுத்து.

எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாளோ, ஜன்னலுக்கு வெளியே ஒருவர் இருமினார். காகிதத்தை மடித்து வைத்துவிட்டு அவருக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்தாள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்ட பிறகு.

மதிய உணவு வேளையில் பதில் எழுத உட்கார்ந்தாள். இரண்டு எக்ஸ்ரே நகல்களையும் இணைத்தாள். முதல் படத்தில் இருக்கும் வாய் என்னுடையது அல்ல, என் பல்லில் சந்து இருந்தது என்று எழுதினாள். சாட்சியைப் பற்றி என்ன எழுதுவது என்று யோசித்தாள். 'சாட்சி சொல்லியிருப்பவர் என் சொந்த அக்கா. அவர் சொல்வது பொய்' என்று எழுதி, அந்த வரியை அடிக்காமல் விட்டு, கையெழுத்துப் போட்டு, தபால் நிலையம் மூடுவதற்குள் நடந்தாள்.