டி-55 டாங்கியின் கம்பிவலை

"ஏம்புள்ள, சித்தெ இதை மடிச்சுக் குடு. என் வெரலு இதுக்குப் பெருசு."

ஏசுதாஸ் லென்ஸையும் இடுக்கியையும் மனைவி விக்டோரியா பக்கம் தள்ளினான். அரிசிக் குருணை அளவில் ஒரு பித்தளைத் துண்டு. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிளேடு முனையால் அதன் ஓரங்களை மடித்தாள். துண்டு ஒரு பெட்டியாயிற்று.

"இதுல என்னத்த வெப்பாங்க?"

"ஸ்பேனரு, சுத்தியலு. டாங்கிக்கு சாமான் பெட்டி வேண்டாமா?"

"ஓட்டறதுக்கு எறும்பு புடிச்சு வெச்சிருக்கறாரா உங்க மிலிட்டரிக்காரரு?"

"எறும்புக்கு லைசென்ஸ் எடுக்கோணுமில்ல? அதுலதான் லேட்டு."

அவள் சிரித்த வேகத்தில் துண்டு தெறித்து ஓடிவிட்டது. இருவரும் தரையில் மண்டியிட்டுத் தேடினார்கள். உள்ளே டீ பொங்கி அடுப்பை அணைத்தது. அந்த டீயை யாரும் குடிக்கவில்லை.

தொண்ணூற்றொன்று டிசம்பர். மைசூர் விஜயநகரில், ஒரு வீட்டின் கார் ஷெட்டை வாடகைக்கு எடுத்து ஏசுதாஸ் பெயர்ப்பலகை செய்துகொண்டிருந்தான். பின்னறையில் குடித்தனம். பித்தளைத் தகட்டில் மருந்து பூசி, பிலிமை வைத்து வெளிச்சம் காட்டி, பித்தளையை அரிக்கும் ஃபெரிக் தண்ணீரில் போட்டால் மூடாத இடத்தை அது தின்னும், எழுத்து நிற்கும். ஃபெரிக் பட்ட கை மஞ்சளாகவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகுமுன் விக்டோரியா எலுமிச்சம்பழத்தோலால் அவன் நகங்களைத் தேய்த்துவிடுவாள்.

இரண்டு தெரு தள்ளி இருந்த நஞ்சுண்டசாமி டாங்கிப் படையில் இருந்து ரிட்டையர் ஆனவர். எழுபத்தொன்று சண்டையில் தான் ஓட்டிய டி-55ஐ உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் பொம்மையாக ஒட்டிக்கொண்டிருந்தார். விளக்குக் காப்பு, கொக்கி, சாமான் பெட்டி என்று வெளிநாட்டில் இருந்து மகள் அனுப்பிய பித்தளைத் தகட்டில் எல்லாம் இருந்தன; மடித்துத் தருவது ஏசுதாஸ் வேலை. எஞ்சின் மேல் வரும் கம்பிவலை மட்டும் அவருடைய வண்டியில் இருந்த மாதிரி இல்லை. "நீ மாடி கொடுப்பா, செஞ்சு கொடு" என்று தானே வரைந்து கொண்டுவந்து கொடுத்தார்.

முறை அதேதான். ஆனால் எழுத்துக்குப் பாதி ஆழம் போதும். வலைக்கு இரண்டு பக்கமும் தின்று நடுவில் சந்திக்க வேண்டும். சற்று முந்தி எடுத்தால் வலையாகாது, சற்றுப் பிந்தினால் தலைமுடி போன்ற கம்பிகளும் கரைந்துவிடும். இரண்டு தகடுகள் அப்படித்தான் போயின. மூன்றாவதை ஒருநாள் மத்தியானம் டிரேயில் இறக்கினான்.

அதே நேரம் பின்சுவருக்கு மேலே பசம்மாவின் தலை தெரிந்தது. பக்கத்தில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள், கன்னடக்காரி. காவிரித் தகராறில் அன்று காலையிலிருந்தே ஊரில் டயர் எரிந்துகொண்டிருந்தது.

"விக்டோரியம்மா! சர்க்கிள்ல தமிழன் லாரிய கொளுத்திட்டாங்க. டிரைவர எறக்காமலே கொளுத்தினாங்க. இங்க வர்றாங்க. சுவரேறு, பேக, சீக்கிரம்!"

ஷட்டரை இழுத்துவிட்டு இருவரும் சுவரேறிக் குதித்தார்கள். பசம்மா அவர்களை மாட்டுக் கொட்டகையில், வைக்கோல் போருக்குப் பின்னால் உட்காரவைத்துப் படலை இழுத்துக் கட்டினாள். தெருவில் கண்ணாடி நொறுங்கியது. ஒரு பெண் கத்தினாள். கத்தல் பாதியில் நின்றது.

ஏசுதாஸ் திடீரென்று எழுந்தான்.

"தகடு டிரேயில கெடக்குது."

"கெடந்தாக் கெடந்துட்டுப் போவுது. உக்காருங்க."

"கரைஞ்சு போயிரும் புள்ள. எடுத்துத் தண்ணியில போட்டுட்டு வந்தர்றேன். கண்ணு மூடித் தொறக்கறக்குள்ள வந்தர்றேன்."

அவள் சட்டையைப் பிடித்தாள். ஒரு பொத்தான் கையோடு வந்தது. அவன் சுவரைத் தாண்டிவிட்டான்.

கடப்பாரை ஷட்டரில் விழும் சத்தம் கேட்டதும் அவளும் ஓடினாள். பின்கதவு வழியே பார்த்தபோது கடைக்குள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். முகத்தில் கைக்குட்டை கட்டியிருந்தார்கள். ஏசுதாஸ் சொட்டச் சொட்ட ஈரமான கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றான்.

"யாவூரோ நிந்து?" ஒருவன் ஊரைக் கேட்டான்.

"மார்டள்ளி அண்ணா. நம்ம ஜில்லேனே." பிறந்ததிலிருந்து பேசிய கன்னடம். தப்பேயில்லை.

ஒருவன் சுவரில் இருந்த மாதிரிப் பலகையைப் பிடுங்கினான். கன்னடத்தில், இங்கிலீஷில், தமிழில் ஏசுதாஸின் பேர். "மத்தே இதேனோ?" என்று தமிழெழுத்தைக் காட்டிக் கேட்டு, அந்தப் பலகையின் விளிம்பாலேயே வாயில் அடித்தான். பல்லும் ரத்தமுமாக ஏசுதாஸ் குனிந்தான். கடப்பாரை முதுகில் இறங்கியது. விழுந்தவனின் முடியைப் பிடித்துத் தூக்கி, தகட்டை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு வைஸில் நெற்றியை மோதினார்கள். முதல் மோதலில் "அம்மா" என்றான். அடுத்ததில் சத்தம் வரவில்லை. அப்புறமும் மோதினார்கள்.

விக்டோரியா உள்ளே பாய்ந்து டிரேயை இரண்டு கையாலும் தூக்கி அவர்கள் மேல் வீசினாள். பழுப்புத் தண்ணீர் முகங்களில், கைகளில் அறைந்தது. ஒருவன் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினான். இன்னொருவன் கடப்பாரையைத் திருப்பினான். தன் வலது கை முழங்கைக்குக் கீழே ஒடிந்து தொங்கியதை அவள் பார்த்தாள். வலி பிறகுதான் வந்தது. எவனோ தின்னர் டின்னைக் கவிழ்த்தான். தீக்குச்சி உரசும் மணம். பசம்மா அவள் கூந்தலைப் பிடித்து, பிணத்தை இழுப்பதுபோலப் பின்கதவு வழியே இழுத்துப் போட்டாள்.

ஏசுதாஸின் அடக்கம் ஊரடங்கில், போலீஸ் காவலோடு நடந்தது. நஞ்சுண்டசாமியும் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். எரிந்த கடை வாசலில் போட்ட பெஞ்சில், கையில் மாவுக்கட்டோடு விக்டோரியா உட்கார்ந்திருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களில் மாதேவப்பாவும் இருந்தான். ஏசுதாஸுக்குப் பித்தளைத் தகடு வெட்டிக் கொடுக்கும் கடையில் வேலை செய்கிறவன். இந்த ஷெட்டில் உட்கார்ந்து எத்தனையோ தடவை டீ குடித்தவன்.

"தெய்வம் மாதிரி மனுஷன் அக்கா" என்றான். கைகளைப் பின்னால் கட்டியிருந்தான்.

பசம்மா தண்ணீர் கொடுத்தாள். சொம்பை வாங்கக் கையை நீட்டித்தான் ஆக வேண்டும். நீட்டினான். நகமெல்லாம் மஞ்சள். விரலிடுக்கில் பழுப்பு. தகடு வெட்டுகிற கையில் ஃபெரிக் படாது. வருஷக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் தேய்த்த மஞ்சள் அது.

விக்டோரியா எல்லோருக்கும் கேட்கும்படி கன்னடத்தில் சொன்னாள்: "எலுமிச்சம்பழத்தோலு போட்டுத் தேய் மாதேவப்பா. சோப்புக்குப் போகாது."

சொம்பு கீழே விழுந்தது. அவன் தெருமுனை வரைக்கும் நடந்தான், பிறகு ஓடினான். நஞ்சுண்டசாமி ஸ்கூட்டரை உதைத்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். போலீஸ் அவன் வீட்டுக்குப் போனபோது ஆள் இல்லை. அப்புறமும் கிடைக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு அவள் கடைக்குள் நுழைந்தாள். மேஜை கரியாகிக் கிடந்தது. வைஸில் ஒட்டியிருந்ததைத் தீ கறுப்பாக்கியிருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் மூலைக்குப் போனாள். அங்கே தகடு கழுவும் இரும்பு வாளி, தண்ணீர் மேல் சாம்பல் படிந்து நின்றது. இடது கையை விட்டுத் துழாவினாள்.

வாளியின் அடியில் தகடு இருந்தது.

அவர்கள் ஷட்டரை உடைப்பதற்குள் அவன் எடுத்துப் போட்டுவிட்டிருந்தான். சேலைத் தலைப்பால் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். வெளிச்சம் நூல்நூலாக வந்து அவள் மடியில் விழுந்தது.

கட்டுப் பிரித்ததும் அவளே வலையைத் தகட்டின் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்தாள். நஞ்சுண்டசாமி அதை எஞ்சின் மேல் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த டாங்கி இன்னும் அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. மேலே அடித்த பச்சைச் சாயம் அங்கங்கே உதிர்ந்துவிட்டது. வலையில் ஒரு கம்பிகூடக் குறையவில்லை.