முழங்காலில் இரண்டு தட்டு

பாரத்தின் பேச்சைக் கேட்டால் சீனிவாசபுரத்துக் குப்பத்தில் பிறந்தவன் என்று யாரும் நம்ப மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்தால்தான் கேட்கும். அடையாறு கடலில் கலக்கிற முகத்துவாரத்தில் இப்படிப் பேசிப் பிழைக்க முடியாது. படகு வெளியே போகும்போது பக்கவாட்டில் அலை எழும்பினால், முதலில் பார்த்தவன் தொண்டை கிழியக் கத்த வேண்டும். எஞ்சினைப் பிடித்திருப்பது அப்பனா, மாமனா என்றெல்லாம் அங்கே யாரும் பார்ப்பதில்லை. பாரத்தும் பள்ளிக்கூட நாட்களில் அப்பா ரங்கனைப் பார்த்து, "திருப்பு நைனா, திருப்பு" என்று கத்தியவன்தான்.

அந்தக் குரலை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டவர் கேப்டன் பிரபாகர். அவரைக் குறை சொல்லவும் பாரத்துக்கு வாய் வராது. அரசாங்க உதவியில் விமானம் ஓட்டப் படித்துவிட்டு, உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவனைத் தன் வாடகை விமானக் கம்பெனியில் துணை விமானியாகச் சேர்த்துக்கொண்ட மனிதர் அவர். வேறு யாரும் கதவைத் திறக்கவில்லை.

வாடகை விமானத்தில் துணை விமானி என்றால் பாதி விமானி, பாதி எடுபிடி. பெரும்பாலும் அவர்கள் விமானத்தில் ஏறுகிறவர் அய்யாதுரை அண்ணாச்சி. தி.நகரில் பெரிய ஜவுளிக்கடை, தெற்கே ஊருக்கு ஊர் கிளை. மயிலாப்பூரிலிருந்து அவருக்கு இட்லி சூடு ஆறாமல் வர வேண்டும். பெட்டிகளை ஏற்றி இறக்க வேண்டும், குடித்த கோப்பையைக் கழுவி வைக்க வேண்டும். மீன் கூடை தூக்கி வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பொருட்டாக இருந்தது வேறு.

அது எட்டுப் பேர் உட்காரும் சின்ன விமானம். விமானிகளுக்கும் பயணிகளுக்கும் நடுவே ஒரு திரைச்சீலை மட்டும். சேர்ந்த புதிதில் ஒருநாள், எதிரே கறுத்து நின்ற மேகத்தைப் பார்த்துவிட்டு பாரத் வாய்விட்டுச் சொல்லிவிட்டான். பின்னாலிருந்து அண்ணாச்சி, "என்ன, என்ன?" என்று பதறி, இறங்கும்வரை கந்தர் சஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டே வந்தார். தரையிறங்கியதும் பிரபாகர் அவனைத் தனியாக அழைத்துப் போனார். கோபப்படவில்லை. அவர் எப்போதும் கோபப்படுவதில்லை.

"உன்னோடது குப்பத்துக் குரல் பாரத். காசு குடுத்து ஏர்றவங்க பயந்துடுவாங்க. ஏதாவது தப்பாத் தெரிஞ்சா என் முழங்கால்ல ரெண்டு தட்டுத் தட்டு. நான் பார்த்துக்கறேன்."

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். கொஞ்ச நாளில் அது கைக்குப் பழகிவிட்டது. தரையிலும் அவன் பேச்சு தணிந்துபோனது. குப்பத்துக்குப் போனால் பழைய கூட்டாளிகள், "இன்னா மச்சி, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கிண்டல் செய்தார்கள்.

போன ஐப்பசியில்தான் வினை வந்தது. தெற்கே ஒரு ஊரில் அண்ணாச்சியின் புதுக் கடைத் திறப்பு. ராகுகாலம் தொடங்குவதற்குள் குத்துவிளக்கு ஏற்றியாக வேண்டும். அந்த ஊர் ஓடுதளத்தின் மேல் மேகம் கம்பளி போல மூடிக் கிடந்தது. குறிப்பிட்ட ஓர் உயரம்வரை இறங்கியும் தரை தெரியாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும் என்பது சட்டம். பிரபாகர் அந்த உயரத்தைத் தாண்டியும் இறங்கினார். பாரத் இரண்டு தட்டுத் தட்டினான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி தட்டினான். சக்கரத்துக்கு அடியில் பனைமரத் தலைகள் ஓடின. அப்புறம் எங்கிருந்தோ ஓடுதளம் வந்தது.

அண்ணாச்சி குத்துவிளக்கு ஏற்றினார், கேப்டனுக்குப் பொன்னாடை போர்த்தினார். பாரத் கடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். இந்த மனிதரோடு பறந்தால் ஒருநாள் சாவுதான் என்று அவனுக்கு அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. மனைவி ஜெசிந்தாவிடம் கூட அதைச் சொல்லவில்லை. சிறு ஊர்களுக்கு விமானம் விடுகிற ஒரு கம்பெனி ஆள் எடுப்பதைக் கேள்விப்பட்டு, யாரிடமும் மூச்சு விடாமல் விண்ணப்பித்தான். எழுபது பேர் ஏறுகிற விமானம், முன்கூட்டியே வேலை நாள் தெரியும், ராகுகாலத்துக்குப் பயந்து யாரும் இறங்கச் சொல்ல மாட்டார்கள். ஜெசிந்தாவிடம் சம்பளத்தை மட்டும் காரணமாகச் சொன்னான். எழுத்துத் தேர்வு, நேர்காணல் எல்லாம் தாண்டிவிட்டான். பாக்கி இருந்தது சிமுலேட்டர் தேர்வு.

சிமுலேட்டர் என்பது கால் முளைத்த பெரிய பெட்டி. உள்ளே உட்கார்ந்தால் அசல் விமானம் மாதிரியே ஆடும், குலுங்கும், கண்ணாடிக்கு வெளியே மழை கூடப் பெய்யும். தேர்வாளர் கேப்டன் நீரஜா. நெற்றியில் நரை இறங்கிய, சிரிப்புக்குச் செலவு பார்க்கிற பெண்மணி. ஒரு எஞ்சினை அணைத்தார், பாரத் சமாளித்தான். காற்றைப் பக்கவாட்டில் வீச வைத்தார், அதையும் சமாளித்தான். பின் இருக்கையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த இன்னொரு அதிகாரி, "நல்ல கை" என்று சொன்னது அவன் காதில் விழுந்தது. அந்த நிமிஷம் அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

கடைசியாக நீரஜா, இந்த முறை தானே ஓட்டுவதாகவும் அவன் துணை விமானியாகப் பார்த்துக்கொண்டால் போதும் என்றும் சொன்னார். மழை, மேகம், தரை தெரியவில்லை. இறங்குவதை நிறுத்தி மேலே ஏற வேண்டிய உயரம் வந்தது. நீரஜா ஏறவில்லை, இறங்கிக்கொண்டே இருந்தார். வேண்டுமென்றேதான் செய்தார். பக்கத்தில் இருப்பவன் வாய் திறக்கிறானா என்று பார்ப்பதுதான் அந்தத் தேர்வு. சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும், "மேலே ஏறுங்கள்" என்று உரக்கச் சொல்ல வேண்டும் என்று. பாரத்துக்கும் தெரியும். புத்தகத்தில் படித்திருந்தான், நேர்காணலில் சொல்லியும் இருந்தான்.

அவன் கை போய் நீரஜாவின் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டியது.

அவர் விறைத்துப்போனார். ஆனாலும் இறக்கத்தை நிறுத்தவில்லை. பாரத் மறுபடி தட்டினான். விமானம் தரையில் மோதிவிட்டதாகத் திரை முழுக்கச் சிவப்பாகிப் பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கு எரிந்தது. பின்னால் இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

"இப்ப என்ன பண்ணீங்க?" என்றார் நீரஜா.

தான் என்ன செய்தோம் என்பதே அப்போதுதான் பாரத்துக்கு உறைத்தது. ஒரு பெண்ணின் முழங்காலைத் தொட்டிருக்கிறான், அதுவும் தேர்வாளரை. அவமானத்தில் உடம்பு கூசியது. நாக்கு குழறக் குழற, திரைச்சீலை, பயணிகள், இரண்டு தட்டு என்று எல்லாவற்றையும் சொன்னான். நீரஜா முகத்தில் கோபம் வடிந்து வேறு ஏதோ வந்தது. அவனுக்குக் கோபமே மேல் என்று பட்டது.

"நீங்க தட்டியும் அவர் கண்டுக்கலைன்னா?"

"மறுபடி தட்டுவேன் மேடம்."

அந்தக் கேப்டன் யார் என்று கேட்டார். பாரத் தலையைக் குனிந்துகொண்டான். சோறு போட்டவர் பெயரை எப்படிச் சொல்வது? இரண்டாம் முறை அவர் கேட்கவில்லை.

"உங்க கை நல்லா ஓட்டுது பாரத். அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா உங்களை நம்பி என் கேப்டன் யாரையும் பக்கத்துல உட்கார வைக்க முடியாது. அடுத்த வருஷம் வாங்க. முதல்ல அந்த ஆளை விட்டு வெளிய வாங்க."

சொல்வது சுலபம். பறக்காமல் வீட்டில் உட்கார்ந்த விமானியை எந்தக் கம்பெனியும் சீண்டாது. அடுத்த வருஷம் வரை பறக்க வேண்டும் என்றால் பிரபாகரை விட்டால் அவனுக்கு வேறு நாதி இல்லை.

ராஜா அண்ணாமலைபுரத்தில் இருந்த தன் வீட்டுக்கு நனைந்துகொண்டே வந்து சேர்ந்தான். ரங்கன் வந்திருந்தார். குழந்தை அவர் மடியில் இருந்தது. புயல் சின்னம், இரண்டு நாளைக்குக் கடலுக்குப் போக வேண்டாம் என்று குப்பத்தில் மைக்கில் சொல்லிவிட்டார்களாம். மருமகளுக்குச் சங்கரா மீன் கொண்டுவந்திருந்தார். ஜெசிந்தா அவன் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டாள்.

அவன் சொன்னான். சொல்ல ஆரம்பித்ததும் அடைத்து வைத்திருந்தது எல்லாம் வந்துவிட்டது. ஐப்பசி, பனைமரம், வாந்தி வரைக்கும். ஜெசிந்தா மாதத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். போன ஐப்பசியில் குழந்தை அவள் வயிற்றில் இருந்தது.

"நீ கத்தியிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"வேலை போயிருக்கும்."

"கத்தாம இருந்ததுக்கு நீ போயிருப்ப," என்றாள். ரங்கன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தார். இனி பிரபாகரோடு ஏற மாட்டேன் என்று பாரத் சொன்னான். மனதாரத்தான் சொன்னான். அதில் பொய் இல்லை.

சாப்பிட உட்காரும்போது போன் அடித்தது. பிரபாகர். விமானிகள் உலகம் சின்னது, விஷயம் அவர் காதுக்கு அதற்குள் போய்விட்டது. எதிரில் இருந்த இருவருக்கும் அவர் பேசுவது கேட்டது.

"கேள்விப்பட்டேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டே போயிருக்கலாம். பரவாயில்ல, நீ என் பையன். நாளைக்குச் சனிக்கிழமை, ஒன்பதுக்கு ராகுகாலம். அதுக்குள்ள அண்ணாச்சியை ஊர்ல இறக்கணும். காலைல வந்து உன்னைக் கூட்டிக்கறேன்."

"மழை சார்," என்றான் பாரத். அதைக் கூட வெளியே கேட்காத குரலில்தான் சொன்னான்.

"என்னப்பா?"

"சரி சார்."

போனை வைத்த பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது. ரங்கன் கை கழுவ எழுந்தார். அவர் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

"நாளிக்கு எங்காளுங்க ஒருத்தனும் தண்ணில எறங்கல நைனா," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜெசிந்தா சண்டை போடுவாள் என்று பாரத் காத்திருந்தான். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பாத்திரத்தை ஒதுக்கி வைத்தாள், குழந்தையைத் தூங்க வைத்தாள். விளக்கை அணைக்கும்போது, "நீ போறதை நான் பார்க்க மாட்டேன்," என்று மட்டும் சொன்னாள். சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்து அவன் தூங்கிப்போனான்.

விடியும்போது படுக்கையில் அவளும் இல்லை, குழந்தையும் இல்லை. சாந்தோமில் அவள் அம்மா வீட்டுக்குத்தான் போயிருப்பாள், கொட்டுகிற மழையில் எப்படிப் போனாள் என்று தெரியவில்லை. போன் செய்தான், எடுக்கவில்லை. கீழே கேப்டனின் கார் ஹாரன் அடித்தது. பாரத் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டான். கதவைப் பூட்டப் போனவன் திரும்பி உள்ளே போய்ப் பெரிய குடையை எடுத்துக்கொண்டான். அண்ணாச்சி காரை விட்டு இறங்கும்போது நனையக் கூடாது.