பொன்னம்பலத்தாரின் காற்றுச் செடிகள்

எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் போன வருஷம் பசுமைக் குழு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தலைவர் என் கணவர் பொன்னம்பலம். வங்கியில் முப்பத்திரண்டு வருஷம் கையெழுத்து வைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

குழுவின் பெருமை எங்கள் பல்கணியில் தொங்கும் பதினொரு காற்றுச் செடிகள். மண் இல்லை, சாடி இல்லை, கம்பியில் தொங்கும். வருகிறவர்களிடம் இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்வார்: "இதுக்கு ஒண்டும் தேவையில்லை. காத்தைக் குடிச்சே சீவிக்கும். மனிசருக்கும் இது ஒரு பாடம்." அவர்களும் தலையாட்டிவிட்டு நான் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடிப்பார்கள்.

காற்றாம்! செவ்வாயும் வெள்ளியும் இவர் கடற்கரைக்கு நடக்கப் போனதும், பதினொன்றையும் கழற்றி, மழைத் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாக உதறி, துவாயில் கவிழ்த்துக் காயவைத்துத் திரும்ப மாட்டுகிறவள் நான். குருத்தில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். இதை ஒளித்துச் செய்யவில்லை. இரண்டு தரம் இவரிடம் சொன்னேன். இரண்டு தரமும் "ம்" என்று பேப்பரைத் திருப்பினார்.

அந்தப் பதினொன்றில் ஒன்று மூன்று வருஷமாக என்னிடம் வளர்வது. போன மாதம் அதன் நடு இலைகள் சிவந்து மொட்டு எட்டிப் பார்த்தது. இந்தச் செடி தன் ஆயுளில் ஒரேயொரு தரம்தான் பூக்கும். அந்தப் பூவைப் பார்க்க வேண்டும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு பத்து மணிக்குப் 'பசுமை இல்லம்' போட்டிக் கேடயத்துக்கு வீடுவீடாகப் பார்க்க வருகிறார்கள். நடுவர் தெஹிவளையில் பூச்செடிக் கடை வைத்திருக்கும் மக்கீன். கட்லட்டுக்கு மீன் வாங்கிக்கொண்டு ஒன்பதரைக்கு உள்ளே வந்தால் தேங்காயெண்ணெய் மணக்கிறது. இவர் கையில் பஞ்சு. மறு கையில் என் மொட்டுச் செடி, கிரீஸ் பூசின மாதிரி மினுங்குகிறது.

"இலையெல்லாம் ஒரே தூசி, ரமணி. முதல்ல நல்லதைத் துடைச்சனான். நீர் வீட்டைக் கொஞ்சம் துப்புரவா வைச்சிருக்கலாம்."

தூசியாம். அந்த வெள்ளைப் பொடி இலையோடு பிறந்தது; அதால்தான் செடி தண்ணீரை உறிஞ்சுகிறது. எண்ணெய் பூசுவது மூக்கையும் வாயையும் பொத்திப் பிடிக்கிற மாதிரி.

"கையை எடுங்கோ!"

"சத்தம் போடாதையும். ஆக்கள் வரப்போகினம்."

"வரட்டும்! வந்து பாக்கட்டும்!"

பறித்துக்கொண்டு குசினிக்குள் போனேன். பேசின் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, இலை இலையாக விரலால் உருவி, நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசினேன். மீன் பையிலேயே கிடந்தது. வாசல் மணி அடித்தது. வெளியே காற்றைக் குடிக்கும் பிரசங்கம் தொடங்கிவிட்டது.

"தண்ணியே இல்லையா சேர்?" மக்கீனின் குரல்.

"ஒரு துளியும் இல்லை."

"அப்பிடி இருக்க ஏலாது சேர். இலையெல்லாம் கொழுகொழுன்னு இருக்கு. யாரோ ஒழுங்கா முக்கி எடுக்கிறாங்க. யாரு?"

இவர் உடனே குசினிப் பக்கம் குரல் கொடுத்தார்: "ரமணி! தேத்தண்ணி கொண்டு வாரும்!"

செடியைத் தலைகீழாகப் பிடித்தபடி போனேன். தண்ணீர் இவருடைய வெள்ளைச் சப்பாத்தில் சொட்டியது.

"தேத்தண்ணி இல்லை. நீங்களும் இண்டைக்குக் காத்தைக் குடியுங்கோ." மக்கீன் பக்கம் திரும்பினேன். "இதுக்கு எண்ணெய் பூசிப்போட்டார். தப்புமோ?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். "ஓரத்து இலை ரெண்டு மூணு கருகும். மொட்டுக்குள்ள எண்ணெய் போகல்ல. ஜன்னல் காத்துல கவுத்து வைங்க."

கேடயம் ஐந்தாம் மாடிக் கறிவேப்பிலைச் சாடிக்குப் போனது. இவர் அன்றிலிருந்து பல்கணியில் உட்கார்ந்து மேன்முறையீட்டுக் கடிதம் எழுதுகிறார். 'முறைகேடு' என்ற சொல் நாலு இடத்தில் வருகிறது. எனக்கு வாசித்தும் காட்டினார். "ம்" என்றேன்.

வியாழக்கிழமை பூ விரிந்தது. குழல் மாதிரி, நல்ல ஊதா, நுனியில் மஞ்சள். ஐந்து நாள் நின்றது. குசினி ஜன்னலில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரித்தான் தொங்கவிட்டிருந்தேன். இவர் அந்தப் பக்கம் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.