மலைக்கு ஜோசியம் சொன்ன வாரம்

சைக்கிள் பந்தயம் ஒன்றின் அத்தனை மலைகளுக்கும், பல் விளக்கி முடிப்பதற்குள் முடிவு சொன்ன ஒரே மனிதன் நான்தான். வாயில் நுரையோடு நான் யார் பெயரைச் சொன்னேனோ அவள் ஏற்றத்தில் படுத்துக்கொண்டாள். மழைகூட நான் கை காட்டிய திருப்பத்தில்தான் பெய்தது. சந்தேகம் இருந்தால் என் மாப்பிள்ளையைக் கேளுங்கள். அவரும் நம்பவில்லை.

"சும்மா அடிச்சு விடுறீங்க மாமா. தானா பலிக்குது," என்பார்.

பந்தயம் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மலை. என் மகளும் ஓட்டினாள். ஜெயிப்பதற்கு அல்ல. டீம் தலைவிக்கு முன்னால் போய் எதிர்காற்றைத் தன் மேல் வாங்கிக்கொள்வதுதான் அவள் வேலை. அந்தத் தலைவிக்கு எங்கள் வீட்டில் மகாராணி என்று பெயர். மகாராணிக்குத் தாகம் எடுத்தால், என் மகள் பின்தங்கி, டீம் காரிலிருந்து பாட்டில்களை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, கர்ப்பிணி மாதிரி மறுபடி மேலே ஏறி வர வேண்டும்.

பந்தயத்துக்கு முன் மேனேஜர் எங்கள் வீட்டுக்கே வந்தார். கடைசி மலையில் மகாராணி தளர்ந்துவிட்டால் என் மகள் தனக்காக ஓட்டலாம். அந்த ஒரு நாளை ஜெயித்தால் அடுத்த வருடமும் டீமில் இடம். இல்லையென்றால் இந்தப் பந்தயத்தோடு சரி என்றார். போகும்போது என் தோளில் கை போட்டார். "இவ எங்க குடும்பத்துப் பொண்ணு சார்."

நான் ஒரு தொழிற்சாலையில் ஆளெடுப்புப் பிரிவில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். முதலாளி எப்போதெல்லாம் குடும்பம் என்று உருகினாரோ, அப்போதெல்லாம் நாலு பேர் வேலையிழந்து வீட்டுக்குப் போனார்கள்.

"மாப்ளே, கேட்டுக்குங்க. கடைசி நாள் மகாராணி வாடிருவா. நம்ம பொண்ணு முன்னாடி போவா. நிறுத்தி வைப்பாங்க. வேலை முடிஞ்சதும் கழட்டி விட்ருவாங்க."

"மனுஷன் வீடு தேடி வந்து வாக்குக் குடுத்திருக்காரு மாமா."

"அதனாலதான் சொல்றேன்."

மகளிடமும் சொன்னேன். "அன்னிக்கு காதுல இருக்கிற கருவியைக் கழட்டி எறிஞ்சிரு. அவங்க சொல்றது கேட்டாத்தானே நிக்கணும்?"

"கழட்டினா அப்புறம் எந்த டீம்லப்பா என்னைச் சேர்ப்பாங்க?" என்று சிரித்தாள்.

முதல் நான்கு நாளும் நான் சொன்னபடியே நடந்தது. மாப்பிள்ளை எனக்கு வெறும் காபி போட்டுக் கொடுத்தார், பாராட்டு இல்லை.

ஐந்தாம் நாள், நாங்கள் டிவியில் பார்த்துக்கொண்டிருக்க, பாதி மலையில் மகாராணி வாடினாள். என் மகளும் எதிரணிப் பெண் ஒருத்தியும் மட்டும் முன்னால் போனார்கள். உச்சிக்கு ஒரு திருப்பம்தான் பாக்கி. எதிரணிக்காரியின் வாய் கிழிந்த பை மாதிரி தொங்கியது. என் மகளோ பால் வாங்கப் போகிறவள் மாதிரி மிதித்தாள். சந்தோஷத்தில் நான் சோபாவைவிட்டு ஓர் ஆள் உயரம் எழும்பியிருப்பேன்.

அப்போது அவள் கை காதுக்குப் போனது.

"கழட்டு," என்றேன். "கழட்டுடி." என் ஜோசியத்தை நானே கெடுக்கப் பார்த்தேன்.

அவள் கருவியை இன்னும் உள்ளே அழுத்தினாள். கூட்டத்தின் கூச்சலில் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. பிறகு மிதிப்பதை நிறுத்தினாள். எதிரணிக்காரி ஏதோ பொறி என்று பயந்து ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய் ஜெயித்தாள். என் மகள் சாலையோரம் ஊர்ந்தபடி மகாராணிக்காகக் காத்திருந்தாள். அவள் வந்ததும் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொண்டாள். ஐந்து நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்ததில் மகாராணி மொத்தப் பந்தயத்தையும் நூலிழையில் வென்றாள்.

"இது எங்க குடும்பத்தோட வெற்றி," என்றார் மேனேஜர் டிவியில்.

மாப்பிள்ளை டிவியை அணைத்தார். "அடுத்த வருஷத்துக்கு அவளைக் கண்டிப்பா வச்சுக்குவாங்க மாமா. இவ்வளவு செஞ்சிருக்காளே."

மறுவாரம் மகள் பால்கனியில் சைக்கிள் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் கூப்பிட்டார். கை முழுக்க எண்ணெய் என்று மாப்பிள்ளையைப் பேசச் சொன்னாள். அவர் சமையலறைக்குள் போய்ப் பேசிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன மாப்ளே, அடிச்சு விட்டேனா?"

"எப்பவும் எங்க குடும்பத்துல ஒருத்தியா இருப்பான்னு சொன்னாரு," என்றார் பால்கனியைப் பார்த்தபடி, குரலைத் தாழ்த்தி. "நீங்க சொன்னதுதான் மாமா நடந்துச்சு. எல்லாமே."